இரண்டு பெயர்களில் எழுதிய லத்தீன் பரீட்சை

லத்தீன் பரீட்சையை நான் ஒரே நாளில் இரண்டு முறை எழுதினேன். காலையில் இன்னொருவன் பெயரில். மத்தியானம் என் பெயரில். இத்தனை வருஷம் கழித்து அதை எழுத உட்காரும்போது பயமோ வருத்தமோ வரவில்லை. குமட்டல்தான் வருகிறது. அதில் சம்பந்தப்பட்ட ஒருவரையாவது விட்டுவைக்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன். என்னையும் சேர்த்து யாரும் தேறவில்லை.

அப்போது நாங்கள் ரங்கூனில், கெமண்டைன் ஆற்றோரத்தில் ஓர் அரிசி ஆலையின் பின்புறம் குடியிருந்தோம். அப்பா அந்த ஆலையில் நிறுவை கிளார்க். மரப்பலகையில் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுக்கு. உமி எரிகிற புகையும் தவிட்டுத் தூசியும் சோற்றுப் பானை வரைக்கும் வரும். நான் மிஷன் பள்ளியில் படித்தேன். இரண்டாம் மொழியாகப் பாலி எடுக்கத்தான் போனேன். அந்த வகுப்பில் இடமில்லை என்று லத்தீனில் தள்ளிவிட்டார்கள். போன இடத்தில் அது எனக்குப் பிடித்துப்போயிற்று. பெயர்ச்சொல்லின் வால் மாறினால் வேற்றுமை மாறும். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். இங்கிலீஷ் பேசிப் பழகிய பையன்கள் அந்த வினைச்சொல்லைத் தேடிக்கொண்டு வாக்கியம் முழுக்க அலைவார்கள். எனக்கு அது வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது. வகுப்பில் மற்றவர்கள் முழிக்கும்போது நான் எழுந்து பதில் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம் என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பள்ளி முடிந்து கல்லூரியில் இடம் கிடைத்தது. லத்தீன் எடுக்கிறவர்களுக்கு மட்டும் வகுப்பு தொடங்குமுன் ஒரு பரீட்சை வைத்தார்கள். பள்ளிக்கூடத்து மார்க்கைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் நம்புவதில்லை. நன்றாக எழுதியவன் மேல் வகுப்புக்குப் போவான். அங்கே பேராசிரியரே பாடம் எடுப்பார். மற்றவர்கள் கீழ் வகுப்பில், வயதில் இளைய ஒரு ஆசிரியரிடம், பெயர்ச்சொல் அட்டவணையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நான் எந்த வகுப்புக்குப் போவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆலையின் ஹெட்கிளார்க் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் எங்கள் வாசலை மிதித்ததில்லை. கையில் ஒரு தூரியான் பழம். அம்மாவுக்குத் தூரியான் என்றால் உயிர். அவரே அரிவாளை வாங்கிப் பழத்தைப் பிளந்தார். அந்த நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்து சுளையை விரலால் எடுத்துச் சாப்பிட்டார். அப்பா தன் வீட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“தம்பி லத்தீன்ல புலின்னு சொல்றாங்களே” என்றார் ஹெட்கிளார்க்.

“ஏதோ படிக்கிறான்” என்றார் அப்பா.

“நம்ம பையனும் அதே காலேஜ்லதான் சேர்ந்திருக்கான். அவனைச் சீமைக்கு அனுப்பி பாரிஸ்டர் ஆக்கிப் பார்க்கணும்னு எனக்கு ஒரு ஆசை. அதுக்கு லத்தீன் மேல் வகுப்புல உக்காந்தாத்தான் மதிப்பாம். ஆனா பாருங்க, அது அவன் மண்டையில ஏற மாட்டேங்குது.” விரலைச் சப்பிவிட்டு என்னைப் பார்த்தார். “அவன் பேரு காலைப் பட்டியல்ல இருக்கு. தம்பி பேரு மத்தியானப் பட்டியல்ல. விசாரிச்சுட்டேன். காலைல பெரிய புரொபசர் இருப்பார். மத்தியானம் சின்னவர். ரெண்டு வேளைக்கும் வேற வேற கேள்வித்தாள்.”

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்பாவுக்கு முன்பே புரிந்திருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலேஜ் ஆரம்பிச்ச பிறகு முகம் தெரிஞ்சுடாதா?” என்று கேட்டேன்.

ஹெட்கிளார்க் சிரித்தார். “வெள்ளைக்காரன் கண்ணுக்கு நாமெல்லாம் ஒரே முகம், தம்பி. இத்தனை வருஷமா நம்ம மேனேஜர் என்னையும் ஸ்டோர் கிளார்க்கையும் மாத்தி மாத்திக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கார். நான் திருத்துறதே இல்ல.”

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. நல்ல வசதி ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார்.

அவர் மிரட்டவும் இல்லை. அதற்கு முந்தின பனிக்காலத்தில் அப்பா ஒன்றரை மாதம் காய்ச்சலில் கிடந்தார். அந்த நாளெல்லாம் அப்பா வேலைக்கு வந்ததாகவே ஆலைப் பதிவில் எழுதிவந்தவர் இந்த ஹெட்கிளார்க்தான். வேலை போகாமல் இருந்தது அவரால். அன்று அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கொட்டைகளை ஒரு இலையில் சேர்த்து வைத்துவிட்டு, “யோசிச்சு செய்ங்க” என்று அவர் எழுந்து போனார்.

“நான் மாட்டேன்பா” என்றேன்.

“அவர் வாய்விட்டுக் கேட்டுட்டார்” என்றார் அப்பா.

“அதுக்காக?”

அம்மாதான் சொன்னாள்: “உனக்குத் தெரிஞ்சதுதானே. ரெண்டு தடவை எழுதினா ஒண்ணும் குறைஞ்சிடாது.” அவள் என்னை மெச்சித்தான் அப்படிச் சொன்னாள். வாயோரத்தில் மஞ்சளாகப் பழம் ஒட்டியிருந்தது. அவள் முகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டேன்.

பரீட்சை நாளன்று விடாத மழை. கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு பர்மியர் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கும் கடை வைத்திருந்தார். ஹெட்கிளார்க்கின் மகன் அங்கே எனக்காகக் காத்திருந்தான். கெட்டவன் இல்லை. டென்னிஸ் விளையாடுவான், யாரைப் பார்த்தாலும் சிரிப்பான். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அவன் கொஞ்சமாவது கூச்சப்பட்டிருக்கலாம்.

“என் கோட்டைப் போட்டுக்க” என்றான். “உன் வெள்ளைச் சட்டையோட ரெண்டு தடவையும் போனா யாராவது கவனிப்பாங்கன்னு அப்பா சொன்னார். சப்பாத்தும் மாத்திக்க.”

கடைக்குப் பின்னால் பலகைத் தடுப்பில் ஒரு கழிப்பிடம் இருந்தது. மழைத் தண்ணீர் அதற்குள் புகுந்து எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்திருந்தது. இரண்டு செங்கல் மேல் நின்று அவனுடைய நீலக் கோட்டைப் போட்டேன். போன மழைக்காலம் முழுக்கப் பெட்டியில் கிடந்து பூஞ்சை பிடித்த வாடை, அதற்கு மேல் அவன் தெளித்த லவண்டர் தண்ணீர், அதற்கும் அடியில் அவனுடைய பழைய வியர்வை. அக்குளில் துணி விறைத்திருந்தது. சப்பாத்து ஒரு விரற்கடை பெரிது; உள்ளே அவன் கால் சூடு இன்னும் ஆறவில்லை. இன்னொருவனின் தோலுக்குள் நுழைந்தது போல இருந்தது. வாந்தி வந்துவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவன் இரண்டாவது கிண்ணம் மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பரீட்சைக் கூடத்தில் முப்பது பேர் இருந்திருப்போம். எங்கள் பள்ளியிலிருந்து லத்தீனுக்கு வந்தவன் நான் ஒருவன்தான்; என்னைத் தெரிந்தவர் யாருமில்லை. பேராசிரியர் வயதான மனிதர். கழுத்து இறைச்சி போலச் சிவந்திருந்தது, குரல் சாதுவானது. அவர் பெயர்களைப் படித்தார். ஹெட்கிளார்க் மகனின் பெயர் வந்தபோது “இருக்கிறேன், ஐயா” என்றேன். சொன்ன பிறகு சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கேள்வித்தாளை என் மேஜையில் வைத்துவிட்டு, என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தபடி, “பதற்றப்படாதே. தெரிந்ததை எழுது” என்றார்.

முந்தின நாள் முழுக்க நான் ஒரு தீர்மானத்தில் இருந்தேன். உட்காருவேன், ஆனால் அரைகுறையாக எழுதுவேன். அவன் கீழ் வகுப்புக்கே போகட்டும். அப்பா சொன்னதைக் கேட்டதாகவும் ஆகும். ஹெட்கிளார்க்கின் ஆசையும் மண்ணாகும். அந்த நினைப்பில்தான் கோட்டையே போட்டுக்கொண்டேன்.

கேள்வித்தாளைத் திருப்பினேன். முற்றுகைக்குள் இருக்கும் ஒரு ஊரின் தூதர்கள் எதிரிப் படைத்தலைவனிடம் வந்து பேசுகிற பகுதி. ஒரே வாக்கியம் எட்டு வரி ஓடியது. அதை ஒருமுறை படித்தேன். எங்கே முடிச்சு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. எழுவாயை இரண்டாவது வரியில் ஒளித்து வைத்து, கடைசிச் சொல்லில் வினையை வைத்து, நடுவில் நான்கு துணை வாக்கியங்களை அடுக்கியிருந்தான் எழுதியவன். பக்கத்தில் ஒரு ஆங்கிலோ-பர்மியப் பையன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். என் பேனா தானாக ஓடியது. தப்பாக எழுத வேண்டும் என்பது நினைவில் இருந்தது. அடுத்த வரியில் தப்பு செய்யலாம், அதற்கடுத்த வரியில் செய்யலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வரும் இடத்தில், எது ஏன் பொருந்தும் என்று ஓரத்தில் ஒரு குறிப்புக்கூட எழுதினேன். யாரும் கேட்காத குறிப்பு. மணி அடித்தபோது அதைவிடச் சிறப்பாக நான் எதையும் எழுதியதில்லை என்று தெரிந்தது. முதல் பக்கத்தின் மேலே அவன் பெயர் இருந்தது.

கோட்டைக் கொடுத்துவிட்டு என் சட்டையோடு மத்தியானம் மறுபடி கூடத்துக்குள் போனேன். மேடையில் சின்னவர் இல்லை. அதே சிவந்த கழுத்து. இளைய ஆசிரியருக்கு உடம்பு சரியில்லை என்று முன்வரிசையில் யாரோ பேசிக்கொண்டார்கள்.

பேராசிரியர் பட்டியலை விரித்தார். பெயர் படித்தார். என் பெயருக்கு நான் “இருக்கிறேன், ஐயா” என்றபோது குரல் உடைந்து வந்தது. கேள்வித்தாளோடு அவர் என் மேஜைக்கு வந்தார். நின்றார். முகத்தை நேராகப் பார்த்தார். இதோ முடிந்தது என்று நினைத்தேன். அந்தக் கணத்தில் பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்ததை மறைக்க மாட்டேன்.

“பதற்றப்படாதே. தெரிந்ததை எழுது” என்றார். காலையில் சொன்ன அதே சொற்கள், அதே குரல். அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

மூன்று மணி நேரத்துக்கு முன்னால் இதே கூடத்தில், நான்கு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தவன் நான். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. காலையிலும் பார்க்கவில்லை, இப்போதும் பார்க்கவில்லை. ஹெட்கிளார்க் சுளையைச் சப்பிக்கொண்டே சொன்னது அப்படியே சரியாக இருந்தது. பிடிபடுவேனோ என்று நடுங்கியவனுக்குப் பிடிபடாமல் போனதுதான் அருவருப்பாக இருந்தது.

பார்த்தவர் ஒருவர் இருந்தார். மைக்கூடுகளில் மை ஊற்றிக்கொண்டு வந்த பர்மியப் பியூன். தலையில் இளஞ்சிவப்புப் பட்டுத்துணி கட்டியிருந்தார். என் மேஜையில் மை ஊற்றும்போது, பர்மியப் பேச்சில், உதடு அசையாமல் கேட்டார்: “காலைல நீலக் கோட்டு. இப்ப வெள்ளைச் சட்டையா?”

“ஊலே...” என்றேன். பர்மாவில் பெரியவர்களை அப்படித்தான் மாமா என்று கூப்பிடுவோம்.

அவர் சிந்திய மையைத் துணியால் துடைத்தார். “எனக்கென்ன” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். அவர் முகத்தில் இருந்தது இரக்கம் இல்லை. செத்த எலியைக் குச்சியால் தள்ளிவிடும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மற்றது மண்டையில் உறைத்தது. இரண்டு கட்டுத் தாளையும் திருத்தப் போகிறவர் இதே மனிதர். முகத்தைப் பார்க்காவிட்டாலும் எழுத்தைப் பார்ப்பார். அது அவர் தொழில். ஒரே கையெழுத்தில், ஒரே நடையில், இரண்டு பெயரில் இரண்டு நல்ல தாள் வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பார்த்தால் நான் மட்டுமில்லை, அப்பாவின் வேலையும் போகும்.

அதனால் என் பெயரில் எழுதும்போது நான் வேறு ஆளாக வேண்டியிருந்தது. எழுத்தை இடப்பக்கம் சாய்த்தேன். தெரிந்த சொல்லுக்குத் தெரியாதவன் போலப் பொருள் எழுதினேன். கடைசியில் இருந்த வினையை வேண்டுமென்றே வேறு எழுவாயோடு சேர்த்து, தோற்றவன் ஜெயித்ததாக எழுதினேன். தப்புகளையும் யோசித்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. ரொம்ப அசட்டுத்தனமாகவும் இருக்கக் கூடாது. பள்ளியில் எந்தப் பையன் எந்த இடத்தில் தடுக்கி விழுவான் என்று நினைத்துப் பார்த்து, அந்தந்த இடத்தில் நானும் விழுந்தேன். காலையில் வராத தப்பெல்லாம் மத்தியானம் வரிசையாக வந்தது. விடைத்தாளைக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்தபடி ட்ராமுக்கு நடந்தேன்.

பத்து நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். மேல் வகுப்பில் முதல் பெயர் அவனுடையது. என் பெயர் கீழ் வகுப்பில் நடுவில் எங்கோ இருந்தது.

அன்று சாயங்காலம் ஹெட்கிளார்க் ஆலை வாசலில் என்னை நிறுத்தினார். முகமெல்லாம் சந்தோஷம். “தம்பி, உன் உபகாரத்தை மறக்க மாட்டேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா உன் பேப்பரையும் கொஞ்சம் கவனமா எழுதியிருக்கலாம். மத்தியானம்னா தூக்கம் வரத்தான் செய்யும். இனிமே பார்த்துக்க” என்றார்.

நிஜமான அக்கறையோடுதான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டிய அந்தக் கழுத்தைத் திருகிப் போடலாம் போல இருந்தது.

கீழ் வகுப்பில் பெயர்ச்சொல் அட்டவணையைக் கூட்டமாகச் சேர்ந்து ராகம் போட்டுப் படித்தோம். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு பேராசிரியரைப் பார்க்க அனுமதி வாங்கினேன். மறுபடி ஒரு பரீட்சை வைத்து என்னை மேலே எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம் என்று எண்ணம்.

அவர் நல்லவிதமாக நடத்தினார். உட்காரச் சொன்னார். அலமாரியிலிருந்து என் தாளைத் தேடி எடுத்து மேஜையில் விரித்து, ஒவ்வொரு தப்பாகச் சுட்டிக்காட்டினார்.

“இந்த வினைச்சொல்லைப் பார். இது எதோடு சேரும்?”

எதோடு சேரும் என்று எனக்குத் தெரியும். “தெரியவில்லை, ஐயா” என்றேன். இடப்பக்கம் சாய்ந்த அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்வது?

“உங்கள் ஆட்களுக்கு இந்தச் சொல் வரிசை பழக நாளாகும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை” என்றார். வினை ஏன் கடைசியில் வருகிறது என்று பொறுமையாக அரை மணி நேரம் விளக்கினார். நடுவில் ஒருமுறை, உன் நாட்டுக்காரன் ஒருவன் மேல் வகுப்பில் இருக்கிறான், அவனுக்கு நல்ல காது இருக்கிறது, ஆனால் சோம்பேறி, வகுப்பில் வாயே திறப்பதில்லை என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் “ஆமாம், ஐயா” என்றேன். கடைசியில் நன்றியும் சொன்னேன். வெளியே வந்து தூண் ஓரமாக நின்று துப்பினேன். எச்சில் வற்றும் வரைக்கும் துப்பினேன்.

சோம்பேறி என்று அவர் சொன்ன ஹெட்கிளார்க்கின் மகன் மழைக்காலம் முடியும்வரை தாக்குப்பிடித்தான். வகுப்பில் எழுப்பிப் படிக்கச் சொன்னால் நின்றுகொண்டிருப்பான். உட்காரச் சொன்னால் உட்காருவான். விடுமுறைக்குப் பிறகு லத்தீனை விட்டுச் சரித்திரத்துக்கு மாறிவிட்டான். சீமைக்கும் போகவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் எப்போதும் போலச் சிரித்தான். நான் எழுதிய அந்தத் தாள் எந்த அலமாரியிலோ அவன் பெயரோடு மக்கிப்போயிருக்கும்.

அவன் லத்தீனை விட்ட செய்தி தெரிந்த அன்றுதான் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். மத்தியானம் அதே புரொபசர் வந்ததையும், என் தாளை நானே கெடுத்ததையும், எந்தெந்த இடத்தில் எப்படிக் கெடுத்தேன் என்பதையும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்கக் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவர் கண் கலங்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படியாவது ஒன்று நடக்கட்டும் என்றிருந்தது.

மறுபடி சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னார்: “இதை ஹெட்கிளார்க்கிட்ட சொல்லிடாதே. மனசு கஷ்டப்படுவார்.”

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அம்மா, “சோத்து மேல என்ன கோவம்?” என்றாள்.

அந்த வீட்டில் அதற்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை. அப்பா மென்று விழுங்கும் சத்தம் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவேன். லான்மடாவில் ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு கல்லூரிப் பையன்கள் அறை எடுத்திருந்தார்கள். அவர்களோடு சேர்ந்துகொள்வதாகச் சொன்னேன். காரணம் யாரும் கேட்கவில்லை. கல்லூரிக்குப் பக்கம் என்று அப்பா தானாகவே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். அது பக்கமே இல்லை. லத்தீனை அந்த வருஷத்தோடு நானும் விட்டேன். பிறகு வேறு பாடத்தில் ஏதோ ஒரு பட்டம் வாங்கினேன்.

வீட்டைவிட்டுப் போன நாளில், என் பெட்டியை எடுத்துப்போக ஹெட்கிளார்க் ஆலையின் மாட்டுவண்டியை வாசலுக்கு அனுப்பியிருந்தார். வண்டிக்காரன் இறங்கிப் பெட்டியைத் தூக்க வந்தான்.

“வேண்டாம். ட்ராமிலயே போயிக்கிறேன்” என்றேன்.

“மாட்டேன்னு சொல்லாதேடா. அனுப்பிட்டார்ல” என்றார் அப்பா.

மழைக்காலம் முடிந்தும் வெளியே தூறிக்கொண்டிருந்தது. பெட்டி கனம். வண்டிக்காரன் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.